விளையாட்டு சோறு போடுமா?

நாளிதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறவர்கள் எங்கள் மேனிலை வகுப்பில் எட்டுப் பேர் உண்டு. அந்த ஒரு பக்கத்துக்காக நூலகத்தில் நடக்கும் இழுபறியை நூலகச் சிஸ்டர் நன்கறிவார். எந்த அணி வென்றது, யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்று முன்பெல்லாம் பேசுவோம். சில ஆண்டுகளாக எங்கள் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. யாருக்கு எவ்வளவு பணம் வருகிறது? எந்த வழியில் வருகிறது? எத்தனை நாளைக்கு வரும்? பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏன் இந்தப் பணக் கணக்கு என்று பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இந்தக் கேள்வியைத் தொடங்கி வைத்தவர்களே அவர்கள்தாம். மாவட்டப் பந்தயத்துக்குப் போக ஒப்புதல் தாளில் கையெழுத்துக் கேட்டால், "விளையாட்டு சோறு போடுமா?" என்பதுதான் பல வீடுகளில் முதல் மறுமொழி. கையெழுத்து அப்புறம்தான் விழும்; சில வீடுகளில் விழாமலே போகும்.

அந்தக் கேள்வியை நாங்கள் ஏளனமாக எடுத்துக்கொள்ளவில்லை. பருப்புக்கும் வற்றலுக்கும் எண்ணெய்க்கும் விலை பேசிப் பழகிய ஊர் விருதுநகர். இங்கே எதற்கும் வரவு செலவு பார்ப்பார்கள், பார்க்கத்தான் வேண்டும். ஆகவே அண்மை ஆண்டுகளில் பந்தய உலகில் நடந்தவற்றை எடுத்துக்கொண்டு, அந்தக் கேள்விக்கு இரசிகைகளாகிய நாங்கள் கண்ட விடையை இங்கே எழுதுகிறோம். விடை "போடும்" என்றும் இல்லை, "போடாது" என்றும் இல்லை. எந்த விளையாட்டு, எந்த வகைப் பணம் என்பதைப் பொறுத்தது அது.

பணத்தில் வகை உண்டா என்றால், நம் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை. தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிறவருக்குக் கட்டைக் கணக்கில் கூலி. அடுக்கினால் உண்டு, அடுக்காவிட்டால் இல்லை. பட்டாசு ஆலையில் மழை பெய்து மருந்து காயாவிட்டால் அன்று வேலை இல்லை, காசும் இல்லை. தீபாவளிக்கு முன்னால் கைக்கு வரும் போனஸ் இன்னொரு வகை. அது வரும் நாளில் வீடே சிரிக்கும்; ஆனால் அதை நம்பி மாதா மாதம் அரிசி வாங்க முடியாது. மூன்றாவது, மாதம் பிறந்தால் வரும் சம்பளம். தொகை சிறிதானாலும் பி.எஃப். உண்டு, உடம்புக்கு முடியாமல் போனால் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு. விளையாட்டு உலகிலும் இதே மூன்றுதான். அரசு அறிவிக்கும் ஊக்கத்தொகையும் போட்டிப் பரிசும் போனஸ். ஒரு பந்தயத்துக்கு இவ்வளவு என்று தருவது கட்டைக் கூலி. ஆண்டு ஒப்பந்தமும் வேலையும்தான் சம்பளம். செய்தித்தாளில் கொட்டை எழுத்தில் வருவது பெரும்பாலும் முதலாவது. வாழ்க்கையை நடத்துவதோ மூன்றாவது.

கிரிக்கெட்டிலிருந்து தொடங்குவோம். 2025 நவம்பர் 2ஆம் நாள் இரவை எங்களில் யாரும் மறக்கமாட்டோம். நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று, ஹர்மன்பிரீத் கவுர் தலைமையிலான நம் பெண்கள் முதன்முறையாக உலகக் கோப்பையை ஏந்தினார்கள். ஷஃபாலி வர்மா 87 ஓட்டம்; தீப்தி சர்மா ஐந்து விக்கெட். அன்றிரவு நாடெங்கும் வெடித்த பட்டாசில் நம் ஊர்ச் சரக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்துக் கொஞ்சம் கர்வமும் பட்டுக்கொண்டோம்! ஆனால் எங்கள் மனத்தில் ஆழமாக நிற்பது அதற்கு மூன்று நாள் முந்தைய அரையிறுதிதான். ஆஸ்திரேலியா 338 ஓட்டம் குவித்துவிட்டது. அதே தொடரில் ஒரு பந்தயத்துக்கு அணியிலிருந்தே நீக்கப்பட்டிருந்த ஜெமிமா ரோட்ரிக்ஸ், ஆட்டமிழக்காமல் 127 ஓட்டம் எடுத்து வெற்றியைக் கொண்டுவந்தார். முடிந்ததும் இயேசுவுக்கு நன்றி சொன்னார். அந்தத் தொடர் நெடுகிலும் தாம் மனக்கலக்கத்தால் அழுதுகொண்டிருந்ததையும் மறைக்காமல் சொன்னார். தேர்வுக் காலத்தில் விடுதியில் இரவெல்லாம் விழித்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு எவ்வளவு ஆறுதல் என்பது அவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

வெற்றிக்குக் கிடைத்த பணமும் சிறிதன்று. அந்தப் போட்டிக்கு அகில உலக கிரிக்கெட் கவுன்சில் ஒதுக்கிய மொத்தப் பரிசு, 2023இல் ஆண்கள் உலகக் கோப்பைக்கு ஒதுக்கியதை விடவும் அதிகம். இந்தியக் கிரிக்கெட் வாரியம் தன் பங்குக்கு ரூ. 51 கோடி அறிவித்தது. நல்லது, மகிழ்ச்சி. ஆனால் இது போனஸ்.

கூலிக் கணக்குக்கு வருவோம். 2022 அக்டோபரில் வாரியம் ஓர் அறிவிப்புச் செய்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பந்தயக் கூலி இனி ஒன்றே: டெஸ்ட் பந்தயத்துக்கு ரூ. 15 லட்சம், ஒருநாள் பந்தயத்துக்கு ரூ. 6 லட்சம், இருபது ஓவர் பந்தயத்துக்கு ரூ. 3 லட்சம். அதுவரை ஒருநாள் பந்தயம் ஆடிய பெண்ணுக்கு ஒரு லட்சம்தான். நியூசிலாந்து அதே ஆண்டு சில மாதம் முன்பே இதைச் செய்திருந்தது. டென்னிஸில் இந்த நியாயம் இன்னும் பழையது. பில்லி ஜீன் கிங் என்ற அமெரிக்க வீராங்கனை போராடியதன் பயனாய் 1973இலேயே அமெரிக்க ஓப்பன் சமப் பரிசு தந்தது. விம்பிள்டன் அந்த முடிவுக்கு வர 2007 ஆயிற்று. கனவான்கள் கொஞ்சம் மெதுவாக நடப்பார்கள் போலும்.

சமக் கூலி வந்துவிட்டதே, இன்னும் என்ன குறை என்று கேட்கலாம். கட்டைக் கூலி அறிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். கூலி சமமாக இருந்தாலும், ஒருவருக்கு நாளெல்லாம் வேலையும் இன்னொருவருக்கு மாதத்தில் மூன்று நாள் வேலையும் கொடுத்தால் இரண்டு வீட்டு உலையும் ஒன்றாகக் கொதிக்குமா? சென்னையின் திருஷ் காமினியை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 உலகக் கோப்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக நூறு அடித்தவர். உலகக் கோப்பையில் சதம் கண்ட முதல் இந்தியப் பெண். 2014 நவம்பரில் மைசூரில் தென்னாப்பிரிக்காவுடன் நடந்த டெஸ்டில் 192 ஓட்டம் எடுத்தார். எட்டு ஓட்டத்தில் இரட்டைச் சதம் தவறியது. அடுத்த டெஸ்டில் எடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பார் அல்லவா? இந்தியப் பெண்களுக்கு அடுத்த டெஸ்ட் 2021 ஜூனில் நடந்தது. ஏறத்தாழ ஏழு ஆண்டு! அதற்குள் அவர் காலம் கடந்துவிட்டது. டெஸ்டுக்குப் பதினைந்து லட்சம் என்ற சமக் கூலி, டெஸ்டே நடக்காத ஆண்டில் யார் கைக்கு வரும்?

சம்பளம் என்று சொல்லத்தக்க ஆண்டு ஒப்பந்தத்தில் இடைவெளி பெரிது. 2024–25 ஆண்டுக்கு ஆண்களில் உச்சப் பிரிவுக்கு ரூ. 7 கோடி, அதற்கடுத்த பிரிவுக்கு ரூ. 5 கோடி. பெண்களில் உச்சப் பிரிவுக்கு ரூ. 50 லட்சம். ஆண்கள் ஆட்டத்தால் வரும் வருமானம் அதிகம், அதனால் அவர்களுக்கு அதிகம் என்று கூறுவர். அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் வருமானம் வருவதற்கு ஆட்டம் நடக்கவேண்டும், நடப்பதைக் காட்டவேண்டும் என்பதும் உண்மைதானே. 2020 மார்ச் 8ஆம் நாள் மெல்பர்ன் மைதானத்தில் பெண்களின் இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதியைப் பார்க்க 86,174 பேர் வந்தார்கள். பெண்கள் ஆட்டத்தை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று சொன்னவர்களுக்கு அன்று நுழைவுச் சீட்டுக் கிடைத்திருக்காது.

எங்களுக்கு உலகக் கோப்பையை விட முக்கியமாகத் தோன்றிய செய்தி, அதற்கு ஒன்றரை மாதம் கழித்து உள்பக்கத்தில் சிறிதாக வந்தது. உள்நாட்டுப் பந்தயங்களில் மாநில அணிக்கு ஆடும் பெண்களின் நாட்கூலியை ரூ. 20,000இலிருந்து ரூ. 50,000ஆக வாரியம் உயர்த்தியது. இளையோர் அணிப் பெண்களுக்கு ரூ. 25,000. இந்தியாவுக்கு ஆடுகிறவர்கள் பதினைந்து பேர். மாநிலங்களுக்கு ஆடுகிறவர்கள் பல நூறு பேர். ஒரு தொழில் தொழிலாக நிற்பது உச்சியில் நிற்கும் பதினைந்து பேரால் அன்று. அடியில் நிற்கும் அந்த நூற்றுக்கணக்கானவர்களால்.

2023இல் தொடங்கிய பெண்கள் பிரீமியர் லீகையும் சொல்லவேண்டும். ஐந்து அணிகளை விற்றதில் மட்டும் வாரியத்துக்கு ரூ. 4,669.99 கோடி கிடைத்தது. பெண்கள் ஆட்டத்துக்கு விலை இல்லை என்ற பழங்கதை ஒரே நாளில் பொய்த்தது. 2024 டிசம்பரில் நடந்த ஏலத்தில், நம் பக்கத்து மதுரையில் பிறந்த கமலினியை, ரூ. 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து ரூ. 1.60 கோடிக்கு மும்பை அணி எடுத்தது. அப்போது அவருக்குப் பதினாறு வயது, எங்கள் வயது! 2025 தொடக்கத்தில் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற அணியிலும் அவர் இருந்தார். எங்கள் மனக்குறை வேறு: மும்பை, டெல்லி, பெங்களூரு, குஜராத், உத்தரப் பிரதேசம் என்று தொடங்கிய அந்த ஐந்தில் சென்னை இல்லை. மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு ஆண்கள் ஆட்டத்துக்கு அரங்கை நிறைக்கும் ஊருக்குப் பெண்கள் அணி ஒன்று வேண்டாமா?

இனிக் கபடி. இங்கேதான் எங்களுக்குக் கோபம் வருகிறது. கிரிக்கெட் மட்டைக்கும் காலுறைக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் கபடி உண்டு. ஒரு கோடு கிழித்தால் போதும், ஆட்டம் தொடங்கிவிடும். 2014 ஜூலையில் புரோ கபடி லீக் தொடங்கியபோது முதல் ஏலத்தில் மிக உயர்ந்த விலை ரூ. 12.80 லட்சம். ஒன்பது ஆண்டில் ஒரே ஆட்டக்காரருக்கு ரூ. 2.60 கோடி என்ற அளவைத் தாண்டிவிட்டது. 2017 முதல் தமிழ் தலைவாஸ் என்று நமக்கும் ஓர் அணி. தொலைக்காட்சியில் கபடி பார்ப்பார்களா என்று சிரித்தவர்களே இன்று சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

பெண்களுக்கு? 2016இல் அதே லீகின் நிழலில் மூன்று அணிகளைக் கொண்டு ஒரு போட்டி நடத்திப் பார்த்தார்கள். இறுதிப் பந்தயம் 24–23 என்று ஒரே புள்ளியில் முடிந்தது. அதைவிடச் சுவையான ஆட்டம் வேறென்ன வேண்டும்? ஆயினும் அத்துடன் அது நின்றுபோனது. பிறகு வேறு சிலர் சிறு சிறு முயற்சிகள் செய்தார்கள். ஆண்கள் லீகைப்போல் வேரூன்றிய ஒன்று பெண்களுக்கு அமையவில்லை. ஆட்டத்தில் குறையா என்றால், பட்டியலைப் பாருங்கள். 2023இல் சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியா முதன்முறையாக நூறு பதக்கங்களைத் தொட்டது. அந்த நூறாவது பதக்கம், சீனத் தைபேயை 26–25 என்று வென்ற நம் பெண்கள் கபடி அணியின் தங்கம். 2025 நவம்பரில் டாக்காவில் உலகக் கோப்பையையும் அதே சீனத் தைபேயை 35–28 என்று வென்று எடுத்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன், பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டு. பெண்கள் இறுதியில் ஈரானை 75–21 என்று நொறுக்கிய அணியின் துணைத் தலைவி, சென்னைக் கண்ணகி நகரின் கார்த்திகா. நகரத்தின் ஓரத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் குடியிருப்பு அது. தமிழக அரசு ரூ. 25 லட்சம் தந்தது. ஊரே திரண்டு வரவேற்றது. அதைப் படித்தபோது எங்களுக்குக் கண் நிறைந்தது.

ஆனால் எங்கள் மூன்று கணக்கில் வைத்துப் பாருங்கள். அதே பஹ்ரைனில் தங்கம் வென்ற ஆண்கள் அணிப் பையன், வடுவூர் அபினேஷுக்கும் அதே 25 லட்சம் கிடைத்தது. அரசு வேறுபாடு காட்டவில்லை. அதற்குப் பின்னர்தான் வழி பிரிகிறது. அந்தப் பையன் நன்றாக ஆடினால் புரோ கபடி ஏலம் காத்திருக்கிறது. ஒரு பருவத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம், பயிற்சியாளர், மருத்துவர், விளம்பரம். அந்தப் பெண் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அப்படி ஓர் ஏலக் கூடத்தின் கதவு அவளுக்குத் திறந்திருக்கவில்லை. கபடியில் கூலியும் இல்லை, ஒப்பந்தச் சம்பளமும் இல்லை. போனஸ் மட்டும் உண்டு. கேரமில் நிலைமை இன்னும் மோசம். அதில் ஆணுக்குமே லீக் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். அரசு ஒரு கோடி தந்தது. அது இல்லாவிட்டால் அந்த மூன்று தங்கத்துக்கும் சந்தையில் விலை என்ன?

சதுரங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக் கடந்துவிடுகிறோம். நம் வைஷாலி 2025 செப்டம்பரில் சமர்க்கந்தில் பெண்கள் கிராண்ட் சுவிஸை இரண்டாம் முறையாக வென்றார். முதல் பரிசு 40,000 டாலர். அதே கூடத்தில் நடந்த பொதுப் பிரிவில் முதல் பரிசு 90,000 டாலர். பொதுப் பிரிவில் பெண்களும் ஆடலாமே என்பார்கள். ஆடலாம்தான். இதில் எங்களுக்குள் ஒரு முடிவு ஏற்படவில்லை.

கால்பந்துக்கு வருமுன் நம் மாவட்டத்தார் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி. 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்தியப் பெண்கள் கால்பந்து லீகின் இறுதியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வென்று நாட்டுக்கே சாம்பியன் ஆனது சேது எஃப்.சி. அணி. மதுரை அணி என்றுதான் எழுதுவார்கள். ஆனால் அதன் பின்னால் நிற்கும் சேது பொறியியல் கல்லூரி இருப்பது நம் விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டியை அடுத்த புல்லூரில்! அந்த அணிக்குப் பயிற்சி தந்தவரும் ஒரு பெண், அம்ருதா அரவிந்த். மணிப்பூரும் வங்காளமும்தான் கால்பந்துக்கு என்றிருந்த காலத்தில், நம் காரியாபட்டிப் பக்கத்து அணி கோப்பையைத் தூக்கியது. அதற்கு முந்தைய ஆண்டே தமிழகப் பெண்கள் அணி தேசிய சாம்பியன் பட்டத்தையும் மணிப்பூரை வென்றே பெற்றிருந்தது. 2023இல் மீண்டும் பெற்றது. இவ்வளவும் நடந்ததே, நம் பேருந்து நிலையத்தில் ஒரு தட்டியாவது கண்டோமா?

இந்த லீகில்தான் எங்களுக்குப் பிடித்த ஒரு விதி இருக்கிறது. லீகில் ஆடும் ஒவ்வொரு கழகமும் குறைந்தது பத்து இந்தியப் பெண்களை ஒப்பந்தத்தில் எடுக்கவேண்டும், அவர்களுக்கு ஆண்டுக்கு ரூ. 3.2 லட்சத்துக்குக் குறையாமல் தரவேண்டும் என்று 2023இல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் அறிவித்தது. மாதத்துக்கு வகுத்தால் இருபத்தாறாயிரத்துச் சொச்சம். கிரிக்கெட் கோடிகளின் பக்கத்தில் இது கடுகளவு. ஆனால் இதுதான் சம்பளம் என்ற சொல்லுக்குத் தகுதியானது. எண்ணிக்கையும் தொகையும் சொல்லி, இதற்குக் கீழே போகக்கூடாது என்று கோடு போட்டிருக்கிறார்கள். கபடிக்கும் வளைகோல் பந்தாட்டத்துக்கும் இப்படி ஒரு கோடு போட்டால் எத்தனை வீடுகளில் ஒப்புதல் தாளில் கையெழுத்து விழும்!

ஆனால் சம்பளம் தரும் கடை திறந்திருக்கவேண்டுமே. 2022 ஆகஸ்டில் கேரளத்துக் கோகுலம் அணிப் பெண்கள் ஆசியக் கழகப் போட்டியில் ஆட உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்ட் வரை போய் இறங்கிவிட்டார்கள். இறங்கிய கையோடு செய்தி வந்தது: நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று சொல்லி, உலகக் கால்பந்துச் சங்கம் இந்தியச் சம்மேளனத்தைத் தற்காலிகமாக நீக்கிவிட்டது. பத்து நாளில் நீக்கம் விலகியது. அதற்குள் பெண்கள் ஆடாமலே ஊர் திரும்பியிருந்தார்கள். சண்டை பெரியவர்களுக்குள், தண்டனை பிள்ளைகளுக்கு. ஆண்கள் மட்டும் தப்பினார்களா? 2025இல் இந்தியன் சூப்பர் லீகை நடத்தும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் இழுத்தபோது, ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. உட்படச் சில கழகங்கள் தம் பணிகளையே நிறுத்திவைத்தன. தீபாவளி முடிந்து பூட்டிய ஆலை எப்போது திறக்கும் என்று காத்திருக்கும் வீடுகளுக்கு அந்த ஆட்டக்காரர்களின் நிலை நன்றாகப் புரியும்.

இதனால்தான் நம் நாட்டில் விளையாட்டுப் பெண்களுக்கு உண்மையில் சோறு போட்டது லீக் அன்று, வேலை. மிதாலி ராஜும் ஹர்மன்பிரீத்தும் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டுதான் கிரிக்கெட் ஆடி வளர்ந்தார்கள். கோப்பை வாங்கித் தந்த தீப்தி சர்மாவே உத்தரப் பிரதேசக் காவல்துறையில் துணைக் கண்காணிப்பாளர். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்குக் கால்பந்து ஆடியவர். சேது அணிக்கும் ஆடியவர். அவர் தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது பந்தைக் கீழே வைத்துவிட்டுச் சென்னைத் தெருவில் காவல் பணியில் நின்றார். மதுரைச் சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியை எடுத்துக்கொள்ளுங்கள். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். கூலி வேலை செய்த பாட்டி ஆரம்மாள் வளர்த்தார். பெண்பிள்ளையை ஓட விடுகிறாயே என்று ஊர் கேட்டபோது அந்தப் பாட்டி விட்டுக்கொடுக்கவில்லை. முதலில் வெறுங்காலோடு ஓடிய பிள்ளை, 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தொடர் ஓட்ட அணியில் இந்தியாவுக்காக ஓடினார். அதற்கு முன்பே தென்னக ரயில்வே அவருக்கு வேலை தந்திருந்தது. அந்தப் பாட்டிக்கு எந்தப் பத்திரிகையின் கடைசிப் பக்கமும் தெரிந்திருக்காது. ஆயினும் இந்தக் கட்டுரையின் கேள்விக்கு அவரைவிடத் துணிவாக விடை சொன்னவர் யாரும் இல்லை.

பெற்றோருக்கு இந்த இடத்தில் ஒரு பயனுள்ள செய்தி. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத ஒதுக்கீடு உண்டு. மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு நான்கு படிவங்கள் முக்கியம். நாட்டுக்காக ஆடியிருந்தால் முதல் படிவம். மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் இரண்டாவது. பல்கலைக்கழகங்களுக்கிடையே ஆடியிருந்தால் மூன்றாவது. பள்ளிகளுக்கான தேசியப் போட்டியில் மாநிலத்துக்கு ஆடியிருந்தால் நான்காவது. ஆக, பள்ளிப் பருவத்தில் ஆடிய ஆட்டத்துக்கும் கணக்கு உண்டு. அந்தத் தாளை முறையாகக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ரேஷன் அட்டையும் மதிப்பெண் பட்டியலும் இருக்கும் அதே பையில் வையுங்கள். கோப்பையை ஷோகேசில் வைத்துவிட்டுச் சான்றிதழைத் தொலைத்த வீடுகள் உண்டு.

சோற்றுக் கேள்விக்குப் பின்னால் பெற்றோர் வாய்விட்டுக் கேட்காத இன்னொரு கேள்வி இருக்கிறது. சிஸ்டர்களும் அதை மனத்தில் வைத்திருப்பார்கள். பெண்பிள்ளையை யாரை நம்பி வெளியூர் அனுப்புவது? 2023 தொடக்கத்தில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற சாக்ஷி மாலிக்கும், வினேஷ் போகட்டும் டெல்லி ஜந்தர் மந்தர் தெருவில் அமர்ந்தது இந்தக் கேள்வியை நாட்டின் முன் வைக்கத்தான். பதக்கம் வாங்கிய பெண்களுக்கே முறையிடத் தெருதான் கிடைத்தது என்றால், மாவட்ட அணிப் பிள்ளை யாரிடம் போவாள்? 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வந்தது. விளையாட்டுச் சங்கங்களின் நிர்வாகக் குழுவில் குறைந்தது நான்கு பெண்கள் இருக்கவேண்டும், பெண்களுக்கும் சிறாருக்கும் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும் என்கிறது அது. சட்டம் ஏட்டில் நன்றாகத்தான் இருக்கிறது. மாவட்டச் சங்கம் வரைக்கும் அது இறங்கி வருகிறதா என்று பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்தில் கேட்கலாம், கேட்டால் தவறில்லை. பிள்ளையோடு யார் துணைக்கு வருகிறார்கள், எங்கே தங்கவைக்கிறார்கள், பெண் பயிற்சியாளர் உண்டா என்று கேட்கிற அம்மாவைத் தொல்லை என்று நினைக்கிற பயிற்சியாளர் இருந்தால், அவரிடம் பிள்ளையை அனுப்பவேண்டாம் என்பது எங்கள் துணிவான கருத்து.

இவ்வளவும் எழுதியபின் எங்கள் எட்டுப் பேருக்குள்ளேயே ஒரு வழக்கு எழுந்து, ஆண்டு மலர் அச்சுக்குப் போகும் வரை தீரவில்லை. லீக் இல்லாத கபடி, கேரம் போன்ற ஆட்டங்களில் உலகப் பட்டம் பெறும் பெண்ணுக்கு அரசு தரும் தொகையை, ஒரே தவணையாகத் தராமல், ஆடும் காலம் முழுதும் மாதச் சம்பளமாகத் தந்தால் என்ன என்றார்கள் எங்களில் ஐந்து பேர். அப்படியானால் அவள் வேறு வேலை தேடி ஆட்டத்தை விடமாட்டாள். உறவினர் கடன் கேட்டு வாசலில் நிற்கவும் மாட்டார்கள். மற்ற மூவர் ஒப்பவில்லை. அவர்களில் இருவரின் அம்மாக்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள். மொத்தமாக வந்தால்தான் ஒழுகுகிற வீட்டுக்குத் தளம் போட முடியும், வட்டிக் கடனை அடைக்க முடியும், தம்பிக்குக் கல்லூரியில் பணம் கட்ட முடியும். மாதாமாதம் வரும் காசு மாதாமாதம் கரைந்துவிடும் என்பது அவர்கள் வாதம். தொகையைப் பாதி மொத்தமாகவும் பாதி மாதமாகவும் பிரிக்கலாமே என்று டிரில் டீச்சர் ஒரு வழி சொன்னார். இரு கட்சியும் அதையும் ஏற்கவில்லை.